கல்கௌதாரி தண்ணீர் குடிக்கும் நேரம்

பரளச்சி,
18.2.1968

அன்புள்ள அண்ணன் ராமசுப்புவுக்குத் தங்கை கருத்தம்மாள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் மாடுகன்றும் நல்லபடி. கோயம்புத்தூர்த் தண்ணீர் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? பாளையம்பட்டியில் அம்மாவும் தங்கத்தாய் மதினியும் சுகம் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. கண்மாய் தை மாதமே வற்றி, மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் மட்டும் ஒரு களத்தளவு தண்ணீர் கிடக்கிறது. குடிக்கக் கிணறு இருக்கிறது. மாட்டுக்கும் புழக்கத்துக்கும் ஊரே அந்தப் பள்ளத்தைத்தான் நம்பியிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போன வெள்ளிக்கிழமை பசு கன்று போட்டதால் நான் தண்ணீருக்குப் போகத் தாமதமாகிவிட்டது. மற்ற பெண்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலில் முள் தைத்து, கரையில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது வானத்தில் ஒரு சத்தம். கிளியும் இல்லை, புறாவும் இல்லை. தொண்டைக்குள் கூழாங்கல்லை உருட்டுவது போல இருந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு கூட்டம் தலைக்கு மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சரளை மேட்டில் இறங்கியது. இறங்கியதும் காணோம். கல்லோடு கல்லாகிவிட்டன. நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கற்கள் நடக்க ஆரம்பித்தன.

புறா அளவுதான் இருக்கும். கூர் வால். தண்ணீர் ஓரம் வந்து, தலையைக் கவிழ்த்து நாலு வாய் உறிஞ்சிவிட்டு, ஒரே வீச்சில் எழுந்து போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. நெஞ்சில் கறுப்புக் கோடும் வயிற்றில் கருஞ்சிவப்பும் உள்ள பறவை. அது தண்ணீருக்குள் இறங்கி, அடைகாக்கிற கோழி மாதிரி இறகை விரித்து உட்கார்ந்து, அசைந்துகொண்டே இருந்தது. வெகுநேரம். பிறகு பாரம் தூக்கியதைப் போல மெல்ல எழும்பித் தெற்கே போனது.

உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். “குளிச்சிருக்கும். இதுக்குப் போயி வாயப் பொளந்துக்கிட்டு நின்னியாக்கும்” என்றார். “குளிச்ச பறவ ஒதறாமப் போகுமா?” என்று கேட்டேன். அது தண்ணீரை எங்கேயோ கொண்டுபோகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. முதலாளியோடு வேட்டைக்கெல்லாம் வண்டி ஓட்டிப் போகிறவர் நீங்கள். அது என்ன பறவை, அப்படிச் செய்யுமா என்று விசாரித்து எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
கருத்தம்மாள்


கோயம்புத்தூர்,
27.2.1968

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் ராமசுப்பு ஆசிகளுடன் எழுதுவது. நான் சுகம். மாப்பிள்ளை பால்ச்சாமியை விசாரித்ததாகச் சொல்லவும்.

நீ எழுதியது கல்கௌதாரி. தரிசுக் காட்டில் இருக்கும். நம் பக்கத்தில் பெருங்கூட்டமாக ஒரே இடத்துக்குத் தண்ணீருக்கு வருவது அபூர்வம் என்று சொல்கிறார்கள். தண்ணீர் சுமக்கிறது என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பறவைக்குக் குடம் வாங்கிக் கொடுத்தது யார்?

ஆனாலும் சில விவரம் எழுது. மொத்தம் எத்தனை வரும்? தினமும் வருமா? எத்தனை மணிக்கு? ரோட்டிலிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் ஜீப் போகுமா? லீவு கிடைத்தால் நானே வந்து பார்க்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

என் வேலை இன்னும் தற்காலிகம்தான். மில்லில் நிரந்தரமாகிக் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் தங்கத்தாயைக் கூட்டிக்கொள்ளலாம். கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. அவளும் நானும் ஒரே அடுப்புச் சோறு தின்ற நாட்கள் ரொம்பக் கொஞ்சம். முதலாளி மனசு வைக்க வேண்டும். உன் கடிதம் நன்றாக இருந்தது. இரண்டு முறை படித்தேன்.

இப்படிக்கு,
ராமசுப்பு


பரளச்சி,
10.3.1968

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டதும் பாதி நோய் போனது போல இருந்தது. நோய் ஒன்றும் இல்லை, பேச்சுக்குச் சொன்னேன். நீங்கள் வந்து பார்க்கப்போகிறீர்கள் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அண்ணே, நான் சொன்னது நிஜம். என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அது தெற்கே எங்கே போகிறது என்று முதல் நாள் கரையில் நின்றே பார்த்தேன். நம் பருத்திக் காட்டுக்கு அப்பால், போன வருடம் உழாமல் போட்ட தரிசில் இறங்கியது. மறுநாள் விடியுமுன்னே போய் அந்தத் தரிசின் ஓரத்தில் உடைமரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். வரவில்லை. என்னைப் பார்த்து மேலேயே சுற்றிவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு அது சுமந்த தண்ணீர் வயிற்றிலேயே காய்ந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் அடுத்த நாள் இன்னும் தள்ளி, பிடுங்கிப் போட்ட காய்ந்த பருத்திமார்க் குவியலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன். சிவப்புச் சேலையை விட்டுவிட்டுப் பழைய மண்ணுக் கலர் சேலை.

வந்தது. நேரே குஞ்சுகளிடம் இறங்கவில்லை. எட்ட இறங்கி, நின்று, நாலு பக்கமும் பார்த்து, ஓடி, நின்று, மறுபடி ஓடி, பிறகு நிமிர்ந்து நின்று வயிற்று இறகைச் சிலிர்த்தது. தரையில் கிடந்த மூன்று மண்கட்டிகள் எழுந்து ஓடி வந்தன. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். மூன்றும் அந்த ஈர இறகுக்குள் மூக்கை நுழைத்து, கன்று மடியை முட்டுகிற மாதிரி முட்டி முட்டிக் குடித்தன. புள்ளி போட்ட பெட்டை கொஞ்சம் தள்ளி நின்று காவல் பார்த்தது. தண்ணீர் கொண்டுவந்தது தாய் இல்லை அண்ணே, தகப்பன்.

நான் எத்தனை நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. எறும்பு கடித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. கோயிலில் கர்ப்பூரம் காட்டும்போது நமக்கு ஒன்றும் கேட்கத் தோன்றாதே, அப்படி இருந்தது.

அந்த நேரத்தில் தண்ணீரில் ஆள் நின்றால் பறவை இறங்காது. ஆகவே பெண்களிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் அக்காள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “பறவைக்கு மொற வச்சுக் குடுக்கணுமாக்கும்? எம் மாடு என்ன பாவஞ் செஞ்சுச்சு?” என்று கேட்டாள். ஒரு நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கருவேல மரத்தடியில் உட்கார வைத்தேன். மறுநாள் அவளே குடங்களோடு வந்தவர்களை மறித்து, “பெறகு வருவோம்டீ, தண்ணி எங்க போயிரப் போகுது” என்கிறாள். இப்போது எட்டு மணிக்கு மேல் ஒன்பது வரை ஒருவரும் பள்ளத்துக்குப் போவதில்லை. நாயைக்கூடக் கட்டிப்போடுகிறார்கள்.

நீங்கள் கேட்ட விவரம்: உங்கள் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தை வாங்கிப்போய்ப் பார்த்தேன். எட்டு இருபத்தைந்துக்கு முதல் கூட்டம். தினமும் வரும். அறுபதுக்குக் குறையாது. மழை இல்லாததால் வண்டிப்பாதை இறுகிக் கிடக்கிறது, ஜீப் கரை வரை வரும். சீக்கிரம் வாருங்கள். வரும்போது வெள்ளைச் சட்டை வேண்டாம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
கருத்தம்மாள்


கோயம்புத்தூர்,
29.3.1968

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. வேலை அதிகம், அதனால்தான் பதில் தாமதம்.

எனக்கு இப்போது லீவு கிடைக்காது. என் வேலை விஷயமாக முதலாளி நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். சித்திரைக்குள் முடிந்துவிடும்.

வெயில் இப்போதே கடுமையாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்குக் காலையில் நீ அந்தக் கண்மாய்ப் பக்கம் போக வேண்டாம். முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்து ஓய்வெடு. உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ராமசுப்பு


பரளச்சி,
9.4.1968

அண்ணனுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் போக வேண்டாம் என்று எழுதியும் நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். கரைக்குப் பின்னால் ஒரு ஜீப் நின்றது. கருவேல மரத்தடியில், நான் உட்காருகிற அதே இடத்தில், மூன்று பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். மணி எட்டு இருபது. நான் கரைமேல் ஓடினேன். “சுடாதீகய்யா, குஞ்சு கெடக்கு” என்று கத்தினேன். ஒருத்தர், “தள்ளிப் போம்மா, குண்டு கிண்டு பட்டுரும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

பறவைகள் நேரம் தவறாமல் வந்தன. இறங்கும்வரை சுடவில்லை. குடிக்கத் தலையைக் கவிழ்த்தபோது சுட்டார்கள். மேலே எழுந்தவை தாகம் தாங்காமல் மறுபடி சுற்றி வந்தன. மறுபடி சுட்டார்கள். பிறகு சாக்கில் பொறுக்கிப் போட்டார்கள். நான் எண்ணவில்லை. வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்த உங்கள் மாப்பிள்ளை எண்ணியிருக்கிறார், நாற்பதுக்கு மேல்.

ஒன்று என் கால் பக்கத்தில் வந்து விழுந்தது. நெஞ்சில் கறுப்புக் கோடு. கையில் எடுத்தேன். சூடு இருந்தது. வயிறு முழுக்க ஈரம். நான் பிடித்த பிடியில் தண்ணீர் விரலுக்கு நடுவே வழிந்து முழங்கை வரை வந்தது. அவ்வளவு தண்ணீர், அண்ணே.

அவர்களில் பெரியவர், தாகமாக இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு தரிசுக்குப் போனேன். பருத்தியை நனைத்துக் கொண்டுபோய்க் குஞ்சுகளுக்குப் பிழிந்துவிடலாம் என்று நினைத்தேன். என் நிழல் பட்டதும் மூன்றும் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டன. சொட்டு விட்டாலும் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் அவற்றின் முதுகு துடிக்கிறது. பெட்டை மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. நான் அங்கே நிற்கும் நேரமெல்லாம் குஞ்சுகளுக்கு இருக்கிற ஒரு துணையையும் நான்தான் தடுக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. பருத்தியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மறுநாள் போகவில்லை. போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஜீப் ஊருக்குள் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கருத்தம்மாள்


பரளச்சி,
20.7.1968

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். வேலை மும்முரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆடியில் காற்று மட்டும்தான் வருகிறது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.

கருத்தம்மாள்


கோயம்புத்தூர்,
5.9.1968

தங்கச்சிக்கு,

சுகம். வேலை நிரந்தரமாகிவிட்டது. குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டு வீடு, குழாய் வாசலிலேயே இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்தில் தங்கத்தாயைக் கூட்டிவந்தேன். அவள் உன்னைக் கேட்கிறாள். நாலு வரிக்கு மேல் எழுத நேரமில்லை.

ராமசுப்பு


பரளச்சி,
16.11.1968

அன்பு அண்ணனுக்கும் மதினிக்கும்,

குவார்ட்டர்ஸ் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். வாசலில் குழாய் என்று படித்ததும் குருவம்மாள் அக்காள், “குடுத்து வச்ச மகராசி” என்றாள்.

இங்கே ஒரு வாரம் மழை. கண்மாய் கால்வாசி பெருகியிருக்கிறது. சோளம் விதைத்தோம். இன்னொரு சேதி. எனக்கு ஐந்து மாதம். பங்குனியில் என்று சொல்கிறார்கள். மாசி கடைசியில் அம்மா வந்து பாளையம்பட்டிக்குக் கூட்டிப்போவாள். மதினி அந்த நேரம் வந்து என் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

கருத்தம்மாள்


கோயம்புத்தூர்,
20.2.1969

கருத்தம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. படித்த பிறகு யாரிடம் சொன்னாலும் சரி.

போன வருடம் உன் முதல் கடிதம் வந்தபோது காருக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். முதலாளி என்ன என்று கேட்டார். என் தங்கச்சி எழுதியது என்று பெருமையில் வாசித்துக் காட்டினேன். பறவை தண்ணீர் சுமக்கிறது என்ற இடத்தில் அவரும் நானும் சேர்ந்து சிரித்தோம். பிறகு அவர் நாலு கேள்வி கேட்டார். அந்த நாலையும்தான் உனக்கு எழுதினேன். உன் பதிலையும் அவரிடம் வாசித்தேன். “உன் வேலைய நான் பாத்துக்கறேன்” என்றார்.

அன்றைக்கு ஜீப்பை ஓட்டி வந்ததும் நான்தான். பந்தல்குடி வரைக்கும். அங்கே வயிற்று வலி என்று சொல்லி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவரே ஓட்டிப் போனார். என் தங்கச்சி இருக்கிற ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து, தூத்துக்குடி ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர், “வயித்து வலின்னா சோடா குடிக்கிறதுதான?” என்றார். குடித்தேன்.

சாயங்காலம் பங்களாச் சமையல்காரர் தனுஷ்கோடியோடு சேர்ந்து இறகு பறித்தேன். கை கழுவ வைத்திருந்த தண்ணீரில் இறகுகள் விழுந்தன. மற்ற இறகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வயிற்று இறகு மட்டும் மெல்ல விரிந்து, பஞ்சாகி, தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டது. தூக்கினேன். சொட்டவில்லை. பிழிந்தேன். உள்ளங்கை நிறையத் தண்ணீர். தனுஷ்கோடி, “என்னய்யா செலையாயிட்ட?” என்று கேட்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். படைத்தவன் ஒரு பறவையின் வயிற்றில் இப்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான், நீ அதைக் கண்ணால் கண்டு எனக்கு எழுதினாய், நான் அதை விற்றுவிட்டேன்.

உன் கடிதம் அதற்கு நாலு நாள் கழித்து வந்தது. இன்றைக்கு வரைக்கும் அதை ஒரே ஒரு முறைதான் படித்திருக்கிறேன்.

இப்போது எழுதக் காரணம், முதலாளி மறுபடியும் கேட்கிறார். “பங்குனியில நம்ம டிரைவர் தங்கச்சி ஊர்ப் பக்கம் ஒரு நடை போவமுங்க” என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ராமசுப்பு


பரளச்சி,
1.3.1969

அண்ணனுக்கு,

எனக்குத் தெரியும்.

அன்றைக்குத் தண்ணீர் குடித்த பெரியவர் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ராமசுப்பு தங்கச்சிதானே நீ? அருமையா எழுதியிருந்தே. நேரம்கூடப் பிசகலே” என்றார். சொம்பு என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அதை நான் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, உங்கள் மாப்பிள்ளையிடமும். நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று பத்து மாதம் காத்திருந்தேன். உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் அதற்காகத்தான் பிரித்தேன்.

ஆனால் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். நான் ஊரும் எழுதினேன், நேரமும் எழுதினேன், பாதையும் எழுதினேன். சந்தோஷம் வந்தால் மனுஷிக்கு வாய் அடங்குவதில்லை. அந்தப் பறவை தன் குஞ்சிடம் நேரே இறங்காமல் எட்ட இறங்கியதை நானே எழுதிவிட்டு, அதிலிருந்து நான் ஒன்றும் படித்துக்கொள்ளவில்லை.

மாசி பிறந்ததும் தண்ணீர் மறுபடி பள்ளத்துக்குச் சுருங்கிவிட்டது. மறுபடியும் வருகின்றன. பதினொன்று. போன வருடம் அறுபதுக்கு மேல். நான் இப்போது பக்கத்தில் போவதில்லை. வீட்டுக் கொல்லையிலிருந்தே சத்தத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை அம்மா என்னைக் கூட்டிப்போகிறாள். 23-ஆம் தேதி நான் இங்கே இருக்கமாட்டேன். குருவம்மாள் அக்காளிடம் ஜீப் வரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். யாரால் வந்தது என்று சொல்லவில்லை.

எனக்குக் கால் வீக்கம் இருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை. நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? மதினியை அனுப்பி வையுங்கள்.

கருத்தம்மாள்


பரளச்சி,
24.3.1969

அன்புத் தங்கச்சிக்கு, உன் வீட்டிலிருந்து உன் அண்ணன் எழுதுகிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். தங்கத்தாய் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். மாப்பிள்ளை சுகம், சோற்றுக்குக் குருவம்மாள் வீடு.

உன் பிரசவத்தைச் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினேன். நேரே குருவம்மாளிடம் போய், நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த வண்டிய வரவச்சது நீங்கதானா?”

“ஆமா.”

“கருத்தம்மா ஒரு வருசமா வெறிச்சு வெறிச்சுப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தது இதுக்குத்தானா?”

நான் தலையை ஆட்டினேன்.

“அப்ப நாளைக்கு நீங்களே வந்து முன்னால நில்லுங்க” என்றாள். எங்கே நிற்பது, எப்படித் தடுப்பது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்: “தண்ணிக்குள்ள ஆளு நின்னா பறவ எறங்காது. எறங்காட்டி அவுக எதச் சுடுவாக?”

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஊர்ப் பெண்கள் இருபது பேருக்கு மேல் குடத்தோடு பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஜீப் வந்தது. முதலாளியும் இரண்டு விருந்தாளிகளும். கரைமேல் ஏறிப் பார்த்தவர் என்னைக் கண்டுவிட்டார்.

“ஏனப்பா ராமசுப்பு, தங்கச்சிக்குப் பிரசவம்னு சொன்னே?”

“ஆமாங்க. அவ இங்க இல்லாததனால நான் நிக்கிறேன்.”

“வெளிய வா.”

“இவுக தண்ணி எடுக்கணுங்க.”

“எவ்வளவு நேரம் எடுப்பாங்க?”

குருவம்மாள் குடத்தை முக்கிக்கொண்டே, “எங்க ஊருத் தண்ணி, நாங்க நின்னு நெதானமா எடுப்போம்” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, “வந்து வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிரு” என்றார். சாவி என் மடியில்தான் இருந்தது, பங்களாக் காருடையது. நடந்து போய் அங்கேயே கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து தண்ணீரில் நின்றுகொண்டேன்.

எட்டு இருபத்தைந்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. முதன்முதலாகக் கேட்கிறேன். தலைக்கு மேல் வந்து எங்களைக் கண்டு மேலே ஏறின. சுற்றின. போயின. மறுபடி வந்தன. அந்தச் சத்தத்திலேயே தாகம் இருந்தது. காப்பாற்றப் போய் நாங்களும் அவற்றைத் தண்ணீர் இல்லாமல் திருப்பி அனுப்பினோம். மூன்று முறை வந்துவிட்டு வரவேயில்லை. ஒன்பதரைக்கு விருந்தாளிகளில் ஒருத்தர், “பொம்பளைங்களுக்கு நடுவுல என்னத்தைச் சுடறதுங்க, வாங்க போலாம்” என்றார். ஜீப் போன புழுதி அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

பிறகு எல்லோரும் கரை ஏறி, அந்தப் பக்கச் சரிவில் வரிசையாகக் குந்தினோம். குருவம்மாள் என் தோளை அழுத்தி, “தலையத் தூக்காதீக. கைய நீட்டிக் காட்டாதீக. இருமல் வந்தா முந்தானையக் கடிச்சுக்கிடணும், ஒங்களுக்கு அது இல்ல, துண்டக் கடிங்க” என்றாள்.

மணி பத்தாகியது. வெயில் முதுகைச் சுட்டது. இனி வராது என்று நினைத்தேன். இருபது பெண்கள், வீட்டில் உலை வைக்காமல், ஒரு வளையல் சத்தம்கூட இல்லாமல் இருந்தார்கள்.

வந்துவிட்டன. முதலில் ஒன்று. அது சரளையில் இறங்கிக் கல்லாகி நின்றது. நாங்களும் கல்லானோம். எங்களை அது பார்த்ததா என்று தெரியாது. பார்த்துத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு பத்தும் இறங்கின. நீ எழுதியபடியே கற்கள் நடந்தன. தலையைக் கவிழ்த்துக் குடித்தபோது அவற்றின் தொண்டை அசைவது தெரிந்தது. அப்புறம் கறுப்புக் கோடு போட்ட ஒன்று தண்ணீருக்குள் வந்தது. காலையில் நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில். இறகை விரித்து உட்கார்ந்து, தன்னைத் தாலாட்டிக்கொள்வது போல ஆடியது. வெயில் அதன் முதுகில் மஞ்சளாக விழுந்தது. தங்கச்சி, நான் எத்தனையோ வேட்டைக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு பறவை உயிரோடு இருக்கும்போது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அது எழுந்து தெற்கே போனபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, “ஒதறாமப் போகுதே மச்சான்” என்று காதோடு சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. யாரும் அதன் பின்னால் போகவில்லை. எந்தக் காடு என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

வேலை போய்விட்டது. குவார்ட்டர்ஸும் போய்விடும். தங்கத்தாயிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பந்தல்குடியில் லாரிக்கு டிரைவர் கேட்கிறார்கள், புதன்கிழமை போய்ப் பார்க்கிறேன். தினமும் காலையில் கரைச் சரிவில் இருக்கிறேன். எப்போது உன்னைப் பார்க்க வரலாம் என்று நீ சொன்னால்தான் வருவேன்.

உன் அண்ணன்,
ராமசுப்பு


பாளையம்பட்டி,
28.3.1969

அன்புள்ள அண்ணனுக்கு,

திங்கட்கிழமை மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகம். நான் படுத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மதினிதான் எழுதுகிறாள், எழுத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியதும் மதினிதான். சாவியைக் கொடுத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அந்த வீடு எத்தனை ஆசை என்று எனக்குத் தெரியும். பிறகு அவளே எடுத்து மீதியை வாசித்தாள். பறவை தண்ணீருக்குள் ஆடுகிற இடத்தை மட்டும் நான் கேட்காமலே இரண்டு முறை வாசித்தாள். “லாரின்னா வாரத்துல ரெண்டு நாளாச்சும் வீட்டுக்கு வருவாகள்ல?” என்று என்னிடம் கேட்டாள். இதை எழுதக் கூடாது என்கிறாள். எழுது மதினி என்று நான் சொன்னதால் எழுதுகிறாள்.

அண்ணே, தாய்மாமன் வந்து பார்த்த பிறகுதான் பெயர் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவசரப்பட்டுக் காலை பஸ்ஸில் கிளம்ப வேண்டாம். அவை குடித்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு ஏறுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.

கருத்தம்மாள்